ஹொட்டெவிக்கில் அக்டோபர் மாதம் தனியாக சர்ஃபிங் போகலாமா?

பட்டினப்பாக்கம்காரன் (ஓலசுண்ட்)

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக நார்வே வந்து இது முதல் இலையுதிர்காலம். சர்ஃபிங் கோவளத்தில் கற்றேன். உடையாத அலையைப் பிடித்து இடமும் வலமும் ஓட்டுவேன். அதற்கு மேல் வித்தை எதுவும் தெரியாது.

ஸ்டாட் தீபகற்பத்தில் ஹொட்டெவிக் என்று ஒரு கடற்கரை. மலைமேல் ஏறி, கொண்டையூசி வளைவுகளில் இறங்கினால் சுற்றிலும் செங்குத்தான மலை, நடுவே வெள்ளை மணல், கொஞ்சம் வீடுகள், நிறைய ஆடுகள். கோடையில் சும்மா பார்க்கப் போனபோதே மனசைப் பறிகொடுத்துவிட்டேன். அக்டோபரில் ஒரு வாரநாளில் லீவு போட்டுத் தனியாகப் போகலாம் என்றிருக்கிறேன். கோவளத்தில் ஞாயிற்றுக்கிழமை ஒரு அலைக்கு ஏழு பேர் பாய்வார்கள். இங்கே கடல் முழுக்க நமக்கே என்றால் சும்மாவா?

என்னிடம் இருப்பது பழைய 4/3 மில்லிமீட்டர் வெட்சூட் (குளிர்நீருக்கான ரப்பர் உடை). போதுமா? தண்ணீர் எவ்வளவு குளிரும்? வேறு என்ன கவனிக்க வேண்டும்?

பருத்தித்துறையான் (யேரன்)

தம்பி, வணக்கம். அக்டோபரில் அந்தப் பக்கம் கடல் 11, 12 பாகை இருக்கும். பயப்படுகிற அளவு இல்லை. காற்று குளிர்கிற வேகத்தில் கடல் குளிராது. பெப்ரவரி, மார்ச்சில்தான் 5, 6 பாகைக்கு இறங்கும். 4/3 போட்டும் இறங்கலாம், ஆனால் அரை மணித்தியாலத்தில் பல் கிட்டத் தொடங்கும். 5/4 வாங்குங்கள், தலைமூடி கழுத்தோடு சேர்த்தே தைத்தது. முதல் இலக்கம் உடம்புப் பகுதித் தடிப்பு, அடுத்தது கை கால். குளிர்காலம் முழுக்கப் போகிற எண்ணம் இருந்தால் 6/5. காலுக்கு 5 மில்லிமீட்டர் பூட்ஸ், கைக்குக் கட்டாயம் கையுறை.

பழைய சூட்டில் எழுதியிருக்கிற இலக்கத்தை நம்ப வேண்டாம். பல வருடம் நசுங்கிய நியோப்ரீன், அதாவது சூட்டின் ரப்பர் நுரை, மெலிந்துவிடும். கக்கத்திலும் முழங்கால் மடிப்பிலும் தையல் விட்டிருக்கிறதா என்று உள்ளே தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.

தனியாகப் போகிற கதைக்குப் பிறகு வருகிறேன். இப்போது வேலைக்கு வெளிக்கிட வேண்டும்.

சும்மா_வாசிப்பவன்

நான் நீச்சல்கூடத் தெரியாதவன், இருந்தாலும் ஒரு சந்தேகம். சூட்டுக்குள் புகுந்த தண்ணீர் உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, அதுதான் குளிரைத் தடுக்கிறது என்று பள்ளியில் படித்த ஞாபகம். தடிப்பு எதற்கு?

துருவவாசி (துரொம்சோ)

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். குளிரைத் தடுப்பது ரப்பர் நுரைக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் ஹ்யூ பிராட்னர் என்ற இயற்பியலாளர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: துணிக்குள் காற்று சிக்கியிருந்தால் போதும், உடம்பு நனைந்தாலும் பரவாயில்லை என்று. உள்ளே வந்த தண்ணீர் அசையாமல் இருந்தால் கெடுதல் இல்லை. ஒவ்வொரு அலையிலும் புதுத் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேறினால் உங்கள் சூடும் அதோடு போய்விடும். அதனால் தடிப்பைவிட அளவுதான் முக்கியம். லூசான 6 மில்லிமீட்டரைவிட இறுக்கமான 5 நல்லது.

இருக்கட்டும். பட்டினப்பாக்கம் அண்ணா, ஹொட்டெவிக்கை விடுங்கள், வடக்கே லோஃபோட்டன் தீவுகளுக்கு வாருங்கள்! அங்கே உன்ஸ்டாட் கடற்கரை 68 டிகிரி வடக்கு, ஆர்க்டிக் வட்டத்துக்குள். 1963இல் துர் ஃப்ரான்ட்சென், ஹன்ஸ் எகில் கிரானே என்ற இரண்டு பேர் கப்பல் வேலையில் சிட்னி போய், அங்கே அலையேறுவதைப் பார்த்துவிட்டு ஊர் திரும்பி, தாங்களே போர்டு செய்து இறங்கிய கடல் அது. போர்டு எப்படி இருக்கும் என்பதற்கு அவர்களிடம் இருந்த மாதிரி ஒரு இசைத்தட்டின் அட்டைப்படம்! 2007 முதல் லோஃபோட்டன் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கிறது. எப்போதும் நாலு பேர் தண்ணீரில் இருப்பார்கள். கரையேறினால் சூடாக இலவங்கப்பட்டை பன்.

பருத்தித்துறையான் (யேரன்)

துருவவாசி, ஓலசுண்டில் இருக்கிறவரை லோஃபோட்டனுக்கு வரச் சொல்வது சென்னையில் இருக்கிறவரைக் கோவாவுக்குக் குளிக்கக் கூப்பிடுவது மாதிரி. உன்ஸ்டாட்டின் இரண்டு ஓரத்திலும் உருண்டைப் பாறைகள். பேர்பெற்ற அலைகள் அங்கேதான் உடையும். புதிதாக வருகிறவருக்கு நடுவில் இருக்கிற மணல்தான் லாயக்கு. ஹொட்டெவிக் பழகுவதற்கு ஏற்ற மணல் தரை.

ஒன்றைச் சொல்ல வேண்டும். நோர்வேக்கு எவ்வளவு நீளக் கரை இருந்தும் சர்ஃபிங் இடங்கள் ஏன் கையளவு? வெளியே தீவும் திட்டும் வரிசையாக நின்று அலையை மறித்துவிடும். உள்ளே ஃபியோர்டு, மலைகளுக்கு நடுவே நுழைந்த கடல், குளம்போலக் கிடக்கும். அந்தத் தீவு வரிசை அறுந்துபோன இடங்கள் சிலதான்: எங்கள் யேரன், ஸ்டாட், லோஃபோட்டனின் வெளிப்பக்கம். ஸ்டாட்டில் வடகடலும் நோர்வேக் கடலும் சந்திக்கின்றன. வைக்கிங்குகளே முனையைச் சுற்றிப் போகப் பயந்து, டிராக்செய்ட் மேட்டின் வழியாகக் கப்பலைத் தரையில் இழுத்துக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். இன்றைக்கும் கப்பல்களுக்கு மலையைக் குடைந்து சுரங்கம் போட வேண்டும் என்று வருடக்கணக்கில் கதைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள் தனியாகப் போக நினைக்கிற கடல் இது.

யேரனில் நாங்கள் இறங்குகிற பூரே கடற்கரை வேறு ரகம். வடகடலின் குறுகிய காற்றலைதான் அதிகம், 7, 8 செக்கனுக்கு ஒன்று. வற்றுப்பெருக்கும் அரை மீற்றர் அளவுதான், அதனால் காலையும் மாலையும் ஒரே மாதிரி உடையும். ஸ்டாட்டில் இரண்டு மீற்றரை ஒட்டிக் கடல் ஏறி இறங்கும். நீங்கள் இறங்கும்போது பார்த்த கடற்கரை இரண்டு மணித்தியாலம் கழித்து அங்கே இராது.

ஒற்றைக்காகம் (தர்சோ, ஸ்காட்லாந்து)

நான் தனியாகத்தான் போகிறேன். வருடக்கணக்காக. யாரும் அடிக்க வராதீர்கள்.

இங்கே தர்சோ ஈஸ்ட் என்ற பாறைத்தட்டு அலை உலகப் புகழ். பாழடைந்த கோட்டைக்கு முன்னால், ஆற்றிலிருந்து வரும் கரிமண் கலந்து தேநீர் நிறத்தில் தண்ணீர். அங்கே தனியாக இறங்க எனக்கும் துணிவில்லை. ஆனால் பக்கத்தில் டன்னெட் விரிகுடாவில் நீள மணல் இருக்கிறது. மேற்கே டவுன்ரே அணுஉலைப் பக்கம் சாண்ட்சைடில் மணலில் கதிரியக்கத் துகள் இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டே இருப்பார்கள். அங்கே கூட்டமே வராது, எனக்கு அதுவும் சம்மதம்தான்.

என் கட்சி இதுதான். கூட்டத்தோடு போகிறவன் கூட்டத்தின் தைரியத்தில் தன் அளவுக்கு மீறிய கடலில் இறங்குகிறான். "அவன் போகிறானே, நாமும் போவோம்." தனியாள் கரையில் நின்று அரை மணி நேரம் பார்ப்பான், சந்தேகம் வந்தால் காரைத் திருப்புவான். நல்ல சனிக்கிழமை உன்ஸ்டாட்டில் முப்பது பேர் இருந்தாலும் எல்லோரும் அடிவானத்தையேதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பக்கத்தில் ஒருவன் மூழ்கினால் கவனிக்கப் போவது யார்?

நிலா (பேர்கன்)

ஒற்றைக்காகம் அண்ணா, கூட்டம் காப்பாற்றாது என்பதில் உங்களோடு நான். ஆனால் உங்கள் கணக்கில் ஒன்று விட்டுப்போகிறது. குளிர்ந்த நீரில் உங்கள் நிதானம் கடைசிவரை உங்களோடு இருக்காது.

நான் மருத்துவமனையில் தாதி, அப்புறம் ஹொட்டெவிக்குக்கு அடிக்கடி போகிறவள். கனடாவில் கோர்டன் கீஸ்ப்ரெஹ்ட் என்ற பேராசிரியர் சொல்லிப் பரவிய 1-10-1 கணக்கு இங்கே பலருக்கும் தெரியும். பனிநீரில் விழுந்தவருக்கு முதல் 1 நிமிடம் மூச்சை அடக்க, அடுத்த 10 நிமிடம் கைகால் உருப்படியாக அசைய, நினைவு தப்ப 1 மணித்தியாலம். சூட் போட்டவருக்கு இந்தக் கணக்கு நீளும், வரிசை மட்டும் மாறாது. முதலில் மூச்சு, பிறகு கை. உடல் வெப்பம் இறங்கிச் சாகிறவர்களைவிட, அதற்கு வெகு முன்பே கை வேலை செய்யாமல் மூழ்குகிறவர்கள் அதிகம்.

போர்டைக் காலோடு கட்டும் லீஷ் கயிறு அறுந்து போர்டு போய்விட்டது என்று வையுங்கள். சூட் உங்களை மிதக்க வைக்கும். ஆனால் நீந்தக் கை வேண்டும். மரத்துப்போன கை துடுப்பு போடாது, விரல் அகன்று தண்ணீர் இடையால் போய்விடும். உடம்பு நடுப்பகுதியைக் காப்பாற்ற விரல்களிலிருந்து இரத்தத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அதில் உங்கள் அனுபவத்துக்கு இடமே இல்லை.

நான் செய்கிற சோதனை: கட்டைவிரலால் அதே கையின் சுண்டுவிரல் நுனியைத் தொடுங்கள். தொட முடியவில்லையா, அந்த நிமிடமே வெளியே வாருங்கள். "இன்னும் ஒரு அலை" கிடையாது. நடுங்குவது நல்ல அறிகுறி, உடம்பு போராடுகிறது என்று அர்த்தம். குளிர்கிற இடத்தில் நடுக்கம் நின்றுபோனால்தான் பயப்பட வேண்டும்.

தம்பி முதலில் இறங்கும்போது முகத்தையும் கழுத்தையும் நனைத்துவிட்டு, மூச்சு சீராகும்வரை இடுப்பளவு நீரில் நில்லுங்கள். நேராக அலைக்குள் தலையைக் கொடுத்தால் அனிச்சையாக மூச்சை இழுப்பீர்கள். அந்த மூச்சு தண்ணீருக்குள் வந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒற்றைக்காகம் (தர்சோ, ஸ்காட்லாந்து)

விரல் சோதனை நல்லது, எடுத்துக்கொள்கிறேன். தனியாகப் போவதை விட மாட்டேன்.

பட்டினப்பாக்கம்காரன் (ஓலசுண்ட்)

நிலா அக்கா, ரொம்ப நன்றி. கோவளத்தில் நான் சந்தித்த ஆபத்து எல்லாம் மீன்பிடி வலையும் அடுத்தவர் போர்டும்தான். இன்னொரு கேள்வி. இங்கே அலுவலகத்தில் ஒருவர், குளிர்நீர் அடர்த்தி அதிகம், அதனால் அதே உயர அலை ரொம்பப் பலமாக அடிக்கும் என்கிறார். உண்மையா?

துருவவாசி (துரொம்சோ)

எல்லா சர்ஃப் கடையிலும் இந்தக் கதை உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 டிகிரி கடல்நீர் ஒரு கன மீட்டர் சுமார் 1,022 கிலோ, 8 டிகிரியில் சுமார் 1,027. வித்தியாசம் அரை சதவீதம். எந்த முதுகுக்கும் அது தெரியாது. பிசுபிசுப்பு கணிசமாகக் கூடும்தான், ஆனால் உடைகிற அலையின் அடிக்கும் அதற்கும் பெரிய சம்பந்தம் இல்லை.

பலமாக அடிப்பது போலத் தோன்றுவது ஏனென்றால் இங்கே வருவது ஐஸ்லாந்துப் பக்கம் கடந்து போகும் பெரிய தாழ்வழுத்தங்களின் அலை, 12, 13 விநாடி இடைவெளியில். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிறையத் தண்ணீர். அப்புறம் நீங்கள் ஈரமான ரப்பரைக் கட்டிச் சுமக்கிறீர்கள். ஒவ்வொரு கைவீச்சிலும் தோள்பட்டை அந்த ரப்பரை இழுக்க வேண்டும். கோவளத்தில் ஓட்டிய போர்டைவிடக் கொஞ்சம் தடித்த, நீளமான போர்டு எடுங்கள். கௌரவம் பார்க்காதீர்கள்.

பருத்தித்துறையான் (யேரன்)

சரி, தனியாகப் போகிற கதைக்கு வருகிறேன். நிலா உடம்பைச் சொன்னார், நான் இடத்தைச் சொல்கிறேன்.

ஹொட்டெவிக்கில் கிழக்குப் பக்கக் காற்று வந்தால் அலை சீவிவிட்ட மாதிரி அழகாக நிற்கும். கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. எல்லோரும் விரும்புகிற காற்று அதுதான். ஆனால் அது மலையிலிருந்து விழுந்து வருகிறது. ஐந்து நிமிடம் அமைதி, பிறகு ஒரே மூச்சில் போர்டைக் கையிலிருந்து பறிக்கிற வேகம். உங்களையும் வெளியேதான் தள்ளும். கரை பக்கத்தில் இருப்பது போலவே தெரியும், துடுப்புப் போட்டால் நகராது. யாழ்ப்பாணத்துக் கட்டுமரக்காரருக்குக் கரைக்காற்றைப் பற்றிச் சொல்லித் தர வேண்டியதில்லை, சர்ஃபிங் செய்கிற பொடியன்களுக்கு மட்டும் அதைக் கண்டால் கொண்டாட்டம்.

அடுத்தது ஓரங்கள். கரைக்கு வந்து குவிந்த தண்ணீர் எங்காவது திரும்பிப் போக வேண்டும். இப்படிப்பட்ட விரிகுடாவில் பாறையை ஒட்டித்தான் அதிகம் போகும். அலை உடையாமல் கறுத்து அமைதியாக இருக்கிற கோடு ஒன்று தெரிந்தால் அது வழி அல்ல, வாய்க்கால். தெரிந்தவர்கள் அதிலேயே வெளியே போவார்கள், தெரியாதவர்களையும் அது வெளியே கொண்டுபோகும். அகப்பட்டால் எதிர்த்து நீந்தாமல் கரைக்குச் சமாந்தரமாக அகலுங்கள்.

அங்கே உயிர்காப்பாளர் கிடையாது. மீட்பு ஹெலிகொப்டர் ஃப்ளோரோவிலிருந்து வர வேண்டும். நல்ல ஆட்கள், நல்ல எந்திரம், ஆனால் முதலில் அவர்களை யாராவது கூப்பிட வேண்டுமே! தனியாள் தண்ணீருக்குள் இருந்தால் ஃபோன் காருக்குள் இருக்கும்.

என் தீர்ப்பு: தண்ணீரில் துணை இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கரையில் ஒருவர் வேண்டும். நீந்தத் தெரியாதவராக இருந்தாலும் சரி, கண்ணும் ஃபோனும் இருந்தால் போதும். ஒற்றைக்காகம் சொன்ன முப்பது பேரைவிடக் கரையில் நின்று உங்களை மட்டுமே பார்க்கிற ஒருவர் மேல். வாரநாளிலும் அங்கே சர்ஃப் முகாம்காரர்கள் வகுப்பு எடுப்பார்கள். அந்த நேரத்தில் இறங்கி, "நானும் இருக்கிறேன், இந்த நிற போர்டு" என்று பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சொன்னதற்காக இதுவரை யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை.

என் மாமா அந்தக் காலத்தில் ஃபின்மார்க்கில் மீன் தொழிற்சாலைக்கு வந்தவர், கையுறைக்குள் விரல் விறைத்தே வயதானவர். "காசும் தராமல் இந்தக் கடலுக்குள் ஏன்டா இறங்குகிறாய்?" என்பார். அதற்கு இன்றைக்கும் என்னிடம் பதில் இல்லை.

சும்மா_வாசிப்பவன்

கண்ணும் ஃபோனும் என்னிடம் இருக்கின்றன. நானும் ஓலசுண்டில்தான். சும்மா சொல்லி வைக்கிறேன்.

நிலா (பேர்கன்)

நாங்கள் நாலைந்து பேர் அடுத்த சனிக்கிழமை போகிறோம். அறிவிப்பு நன்றாக இருக்கிறது: வடமேற்கு அலை ஒன்றரை மீற்றர், 11 செக்கன், காற்று குறைவு. இரண்டு பேரும் வாருங்கள்.

வாகனத்தை வயலில் ஏற்றாதீர்கள். எல்லோரும் எங்கும் நடக்கலாம் என்ற உரிமை 1957ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது, ஆனால் அது பயிர்நிலத்துக்கும் வீட்டு முற்றத்துக்கும் வராது. கூடாரம் என்றால் வீட்டிலிருந்து 150 மீற்றர் தள்ளி. அங்கே வாழ்கிறவர்கள் விவசாயிகள். கேட்டை மூடாமல் போய் ஆடுகள் வெளியே வந்தால் அவர்களுக்கு ஒரு நாள் வேலை. அந்த இடம் இன்னும் அமைதியாக இருப்பதற்கு அவர்களுடைய பொறுமைதான் காரணம்.

பக்கத்து எர்விக் கடற்கரைக்கும் போய்வாருங்கள். 1943இல் சங்க்ட் ஸ்வித்துன் என்ற பயணிகள் கப்பல் குண்டுவீச்சில் எரிந்து அங்கே கரைதட்டியபோது, ஊர்க்காரர்கள் கொந்தளிப்பில் இறங்கிப் பலரைக் காப்பாற்றினார்கள். அதன் நினைவாகக் கட்டிய சிறிய தேவாலயம் மணலுக்கு மேலேயே நிற்கிறது.

பட்டினப்பாக்கம்காரன் (ஓலசுண்ட்)

போய் வந்தாகிவிட்டது. புது 5/4 சூட்டில் உடம்பு குளிரவே இல்லை. நெற்றிதான், தலை கொடுக்கும்போதெல்லாம் யாரோ ஆணி அடிப்பது போல வலித்தது. அலை நெஞ்சளவு, நீளமாக வந்தது. எழுந்து நின்றபின் யோசிக்கக்கூட நேரம் இருந்தது, எனக்கு அது புதுசு.

கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: கரையேறிய பிறகுதான் எனக்கு மோசமாக இருந்தது. தண்ணீரில் நன்றாக இருந்தவன், கார் பக்கத்தில் நின்று பூட்ஸைக் கழற்ற முடியாமல் திண்டாடினேன். அப்புறம் நடுக்கம் நிற்கவே இருபது நிமிடம் ஆனது. இது சரிதானா? சும்மா_வாசிப்பவன்தான் சாவியால் காரைத் திறந்து, ஹீட்டர் போட்டு, சூட்டை உரித்தெடுத்தார்.

நிலா (பேர்கன்)

அது எல்லோருக்கும் வரும். வெளியே வந்ததும் கைகாலில் இருந்த குளிர்ந்த இரத்தம் நடுப்பகுதிக்குத் திரும்பும், உடம்பின் உள்வெப்பம் இன்னும் கொஞ்சம் இறங்கும். உடனே வண்டி ஓட்டாதீர்கள், முக்கியமாக அந்த வளைவுகளில். முதலில் தலையையும் மேலுடம்பையும் துடைத்து உடுத்துங்கள், பூட்ஸ் கடைசியில். ஒரு கேனில் வெதுவெதுப்பான நீர் கொண்டுபோய்ச் சூட்டுக்குள் ஊற்றினால் கழற்றுவது சுலபம். கொதிநீர் வேண்டாம், மரத்த தோலுக்குச் சூடு தெரியாது. இனிப்பான பிளேன்டீ ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும்.

தொடர்ந்து போகப் போகிறீர்கள் என்றால் காதுக்கு அடைப்பான் வாங்குங்கள். குளிர்ந்த நீரும் காற்றும் வருடக்கணக்கில் பட்டால் காதுக் குழாயில் எலும்பு வளர்ந்து வழி சுருங்கும். பிறகு அறுவைச் சிகிச்சைதான்.

ஒற்றைக்காகம் (தர்சோ, ஸ்காட்லாந்து)

எனக்கு இடது காது பாதி அடைபட்டுவிட்டது, அந்த எலும்புதான். அடைப்பான் போட்டால் கடல் சத்தம் கேட்காது என்று போடாமல் இருந்தேன். எந்த வகை நல்லது? சத்தம் கேட்க வேண்டும்.

நிலா (பேர்கன்)

நடுவில் மெல்லிய சவ்வோ வலையோ வைத்த வகை கேளுங்கள். தண்ணீரைத் தடுத்துச் சத்தத்தை விடும். முதலில் காது மருத்துவரிடம் காட்டி எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள், அண்ணா.

சும்மா_வாசிப்பவன்

அடுத்த முறை எப்போது? எனக்கும் ஒரு கையுறை வாங்க வேண்டும். கரையில் நின்றே விரல் விறைத்துவிட்டது.